மூன்று தரம் கேளுங்கோ, ஹெர் பீரி

கஜலக்சுமி ஹின்டர்மாட் ஊரின் பாடசாலைக் குழுவுக்குத் தெரிவானது அவளுடைய கெட்டித்தனத்தால் என்று யாராவது சொன்னால் அவளே சிரிப்பாள். குழுவில் ஐந்து கதிரை. நாலு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். ஐந்தாவதாக யாராவது ஒருவர் பெயரைக் கொடுத்துவிட்டால் வாக்கெடுப்பே தேவையில்லை, ஐந்து பேரும் சத்தம் சந்தடியில்லாமல் தெரிவாகிவிடலாம். சுவிஸ்காரருக்கு இதைவிடச் சந்தோஷமான தேர்தல் கிடையாது. ஆகவே ஊர்ச்சபை வீட்டுக்கு வீடு ஒரு படிவம் அனுப்பியது. துன் நகருக்கு மேலே, மலைச்சரிவில், மாடுகளையும் சேர்த்து எண்ணினால் மட்டுமே ஊர் என்று சொல்லக்கூடிய ஹின்டர்மாட்டில், அந்தக் கடிதத்தை உடைத்துப் பார்த்த ஒரே வீடு கஜலக்சுமியின் வீடு.

படிவத்தில் இரண்டு கட்டம். ஆம், இல்லை. நேரில் வந்து கேட்டிருந்தால் "ஐயோ, எனக்கென்ன தெரியும், வேண்டாம்" என்றுதான் சொல்லியிருப்பாள். ஆசை நெஞ்சு முட்ட இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். தாளுக்கு முன்னால் என்ன வெட்கம்? "ஆம்" கட்டத்தில் புள்ளடி போட்டுக் கையெழுத்தையும் வைத்துவிட்டாள்.

"உமக்கு விசரே?" என்றான் கணவன் பத்மநாதன். "விடிய அஞ்சு மணிக்கு எழும்பி வேலைக்குப் போறீர். பின்னேரம் வந்து பள்ளிக்கூடத்தையும் ஆளப்போறீரோ?"

"இரண்டு வருசமாச் சிவப்புச் சுவிஸ் பாஸ்போட்டை அலுமாரிக்குள்ள வச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறம். அதையும் ஒருக்கா வேலை செய்ய விடுங்கோவன்" என்றாள் கஜலக்சுமி.

தை மாதத்தில், அதாவது ஜனவரியில், முதல் கூட்டம். பள்ளிக்கூடத்தின் கைவேலை அறையில், பிள்ளைகளுக்கென்று செய்த முக்காலிகளில் முழங்கால் நாடியில் இடிக்க இருந்தார்கள். தலைவி ஃப்ராவ் வெங்கர் (திருமதிக்கு இங்கே ஃப்ராவ், திருவாளருக்கு ஹெர்), ஆட்டுப்பண்ணைக்காரி, ஆடுகளோடு கதைக்கிற அதே குரலில் மனிதரோடும் கதைப்பவர். ஹெர் மோசர் காப்புறுதி முகவர். இன்னொரு உறுப்பினரான பல் வைத்தியர் வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். மிச்ச உறுப்பினரான அவருடைய மனைவியும் கேட்டிருந்தார். அந்த மன்னிப்புகள் மாதாமாதம் ஒழுங்காக வந்தன, அவர்கள் ஒருநாளும் வரவில்லை. மூலையில் மடிக்கணினியோடு செயலாளர் ஹெர் பீரி. முப்பத்தைந்து வருடம் ரயில் நேர அட்டவணை எழுதி ஓய்வுபெற்றவர். கூட்டக் குறிப்பிலும் அவருக்கு அதே சட்டம்தான். ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு வரி.

ஃப்ராவ் வெங்கர் சூடான குடுவையைத் தூக்கினார். "ஃப்ராவ் பத்மநாதன், கோப்பி?"

"இல்லை, இல்லை, வேண்டாம்" என்றாள் கஜலக்சுமி.

சரி என்று தலையாட்டிவிட்டு அவர் அடுத்த கோப்பைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். கஜலக்சுமி அந்தக் குடுவை மேசையைச் சுற்றித் திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை.

இதில் பிழை யாரில் என்று கேட்டால் நான் இரண்டு பக்கமும் அடிப்பேன். யாழ்ப்பாணத்தார் வீட்டில் முதல் தரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லவேண்டும். இரண்டாம் தரம் கேட்டால் இப்பத்தான் குடிச்சிட்டு வாறம் என்று பொய் சொல்லவேண்டும். மூன்றாம் தரம் கேட்கவே மாட்டார்கள், கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுவார்கள். கேட்ட உடனே ஓம் என்று சொல்கிறவரைப் பற்றி அவர் வாசலைத் தாண்டமுன்பே கதை தொடங்கிவிடும். சுவிஸுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது, இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்பது கஜலக்சுமியின் மூளைக்கு நன்றாகவே தெரியும். நாக்குக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை.

கோப்பி போனது போகட்டும். அடுத்து வேலை பங்கிட்டார்கள். ஆசிரியர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிற பொறுப்பு ஒன்று இருந்தது. அது கஜலக்சுமிக்குக் கொள்ளை ஆசை. துன்னில் அவள் வேலை செய்யும் ஹொட்டேலில் அறை துப்பரவாக்குகிற பதினெட்டுப் பேருக்கு அவள்தான் மேலாள். பதினாலு வருடம் கட்டில் விரித்து விரித்து ஏறிய பதவி. ஆள் பிடிப்பதும் பிடித்த ஆளை ஓடவிடாமல் வைத்திருப்பதும் அவளுக்குக் கைவந்த கலை.

"ஃப்ராவ் பத்மநாதன், இதை நீங்கள் எடுக்கிறீர்களா?" என்று கேட்டார் தலைவி.

"இல்லை, இல்லை, பரவாயில்லை" என்றது நாக்கு.

டிக், டிக் என்று ஹெர் பீரி தட்டச்சு செய்தார். வேறு யாரும் கேட்காததால் அந்தப் பொறுப்பு ஹெர் மோசரின் தலையில் விழுந்தது. மிஞ்சிக் கிடந்தது கஜலக்சுமிக்கு வந்தது: கட்டடங்களும் பேனும். பேன் என்றால் தலைப்பேன்தான். ஏன் இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று அவள் கேட்டதற்கு, எப்போதும் அப்படித்தான் என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து பத்மநாதனிடம் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பில் கட்டிலில் இருந்து விழப் பார்த்தான்.

ஆனாலும் கிடைத்ததை அவள் விடவில்லை. விளையாட்டு மண்டபக் கூரை மூன்று வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கூரைக்காரர் நேரமில்லை என்று ஒரு தரம் சொல்லியிருந்தார், அதை எழுதிவைத்துவிட்டு மூன்று வருடம் வாளி வைத்திருந்தார்கள். கஜலக்சுமி மூன்று பின்னேரம் அவருடைய பட்டறைக்குப் போனாள், ஒவ்வொரு தரமும் ஒரு தட்டு பொரித்த மரக்கறி ரோல்ஸோடு. மாசி முடியமுன் கூரை சரி. அவளுடைய கணக்கில் முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாமோடு காரணம் வரும். மூன்றாம் தரம் கேட்டால் நிபந்தனை வரும், நிபந்தனை வந்துவிட்டால் காரியம் முடிந்தது. கூரைக்காரரின் நிபந்தனை ரோல்ஸ் செய்முறை.

பங்குனியில் இடி விழுந்தது. மூன்றாம் நாலாம் வகுப்புகளைச் சேர்த்துப் படிப்பித்த இளம் ஆசிரியை பாசல் நகருக்குப் போகிறேன் என்று கடிதம் கொடுத்துவிட்டார். நாடு முழுக்க ஆசிரியர் தட்டுப்பாடு. வைகாசி முப்பத்தொன்றுக்குள் ஒருவர் கிடைக்காவிட்டால் அந்த வகுப்பை மூடிப் பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு அனுப்புவது என்று தீர்மானம்.

கஜலக்சுமி உடனே பஸ் நேர அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். மகள் யாதவி அந்த வகுப்பில்தான் படிக்கிறாள், எட்டு வயது. இப்போது பள்ளிக்கூடம் மூன்று நிமிட நடை. பத்மநாதன் பேக்கரியில் வேலை, இரவு இரண்டுக்குப் போனால் பகல்தான் வருவான். கஜலக்சுமி ஆறு இருபது பஸ் பிடிப்பாள். பிள்ளை பாலைக் குடித்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு தானே போய்விடும். பக்கத்து ஊர் என்றால் ஆறு ஐம்பது பஸ், பிறகு பெருந்தெருவைக் கடந்து இன்னொரு பஸ், அதுவும் பனிக்கால இருட்டில். எட்டு வயதுப் பிள்ளையை அப்படித் தனியே விட அவளால் முடியாது. விடாவிட்டால் காலை வேலையை விடவேண்டும். காலை வேலை இல்லாத மேலாள் எந்த ஹொட்டேலிலும் இல்லை. பதினாலு வருடத்துப் பதவி அந்த ஆறு ஐம்பது பஸ்ஸோடு போய்விடும்.

சித்திரைக் கூட்டத்தில் ஹெர் மோசர் அழகான ஓர் அட்டவணையைக் காட்டினார். பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு மின்னஞ்சல், பன்னிரண்டு இல்லை. எல்லாம் சிவப்பு நிறத்தில். ஏழாவது பெயர் ஃப்ராவ் ரீட்டர். இதே பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டு வருடம் படிப்பித்துப் போன வருடம்தான் ஓய்வுபெற்றவர். தேவாலயத்துக்குப் பின்னால் ரூடி என்ற நாயோடு வசிக்கிறார்.

"இவரை எத்தனை தரம் கேட்டீர்கள்?" என்றாள் கஜலக்சுமி.

"ஒரு தரம்" என்றார் மோசர்.

"ஒரு தரமா!" அவள் முக்காலியிலிருந்து எழும்பிவிட்டாள். "ஒரு தரம் கேட்டால் ஒரு பிஸ்கட்கூட எடுக்கமாட்டார்களே! நான் போய்க் கேட்கிறேன்."

ஹெர் பீரி தொண்டையைச் செருமினார். "ஆசிரியர் சேர்ப்பு உங்கள் பொறுப்பு இல்லை. தை மாதக் குறிப்பு, பக்கம் மூன்று. கேட்டோம், வேண்டாம் என்றீர்கள்."

கஜலக்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு முக்காலியில் இருந்தாள். அன்றும் கோப்பி வரவில்லை. தை மாதத்திலேயே "ஃப்ராவ் பத்மநாதன்: கோப்பி குடிப்பதில்லை" என்று ஹெர் பீரி குறித்துவைத்திருந்ததால் இப்போதெல்லாம் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். விடிய எழும்பி பதினெட்டுப் பேரை மேய்த்துவிட்டு வருகிறவளுக்கு அந்த வாசனை கொடுமை.

ஆனால் கட்டடம் அவளுடைய பொறுப்பு. வரைபட அலுமாரியைப் பூட்டுகிற திறப்பு ஒன்று பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவில்லை என்று பட்டியலில் கண்டுபிடித்தாள். கடைசியாக வைத்திருந்தவர் ஃப்ராவ் ரீட்டர். அடுத்த சனிக்கிழமையே திறப்பு விசாரிக்கப் போனாள், கையில் இருபது ரோல்ஸ்.

ஃப்ராவ் ரீட்டர் நெட்டையான, மெலிந்த, எல்லோரையும் கடைசி வாங்கு மாணவராகப் பார்க்கிற பெண்மணி. திறப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ரோல்ஸ் வேண்டாம் என்றார். கஜலக்சுமி ஒன்றை எடுத்து அவருடைய தட்டில் வைத்தாள். வேண்டாம் என்றார். இன்னொன்றையும் வைத்தாள். சாப்பிடத் தொடங்கியவர் நாலில் போய் நின்றார். பிறகு கஜலக்சுமி, ஏதோ ஞாபகம் வந்ததுபோல, வகுப்பைப் பற்றிக் கேட்டாள்.

"இல்லை" என்றார் ஃப்ராவ் ரீட்டர்.

மரியாதைக்குச் சொல்கிறா என்று கஜலக்சுமி சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாள். அடுத்த சனிக்கிழமை அதே திறப்பின் இரண்டாவது பிரதியை விசாரிக்கப் போனாள். "இல்லை, இப்போதைய பெற்றோர் இரவு பதினொரு மணிக்கு மின்னஞ்சல் எழுதுகிறார்கள்" என்று பதில் வந்தது. காரணம் வந்துவிட்டது! மூன்றாவது சனிக்கிழமை, அலுமாரியையே விசாரிக்கிற சாட்டில், நாற்பது ரோல்ஸோடு பின்கதவால் போய் நின்றாள்.

அந்த நேரம் ஃப்ராவ் ரீட்டர் மதிய நித்திரையில் இருந்தார். கதவைத் திறந்தது அவர் இல்லை, கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்த ரூடி. தட்டு விழுந்தது. கஜலக்சுமி கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்ற அந்த அரை நிமிடத்தில் பதினொரு ரோல்ஸ், பச்சைமிளகாய் சகிதம், நாயின் வயிற்றுக்குள் போய்விட்டன. அன்று பின்னேரம் ரூடி மிருக வைத்தியரிடம் போனது. திங்கட்கிழமை ஃப்ராவ் ரீட்டரின் பதிவுத்தபால் பாடசாலைக் குழுவுக்கு வந்தது.

வைகாசி நடுவில் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் நாலாவது விடயம்: "ரோல்ஸ்." ஹெர் பீரி கடிதத்தை ரயில் அறிவிப்புப் போல வாசித்தார். ஹெர் மோசரின் மின்னஞ்சலோடு சேர்த்துத் தான் மூன்று தரம் இல்லை என்று சொன்னதாகவும், தன் வீட்டில் இனி அலுமாரி எதுவும் விசாரிக்கப்படக்கூடாது என்றும், நாய் இன்னும் சோர்ந்து படுத்திருப்பதாகவும் எழுதியிருந்தது.

"இது சரியில்லை, ஃப்ராவ் பத்மநாதன்" என்றார் தலைவி. ஆட்டுக்குச் சொல்கிறமாதிரி இல்லாமல் மெதுவாகச் சொன்னார். அதுதான் கஜலக்சுமிக்கு இன்னும் சுட்டது.

வீட்டில் வந்து அழுதாள். "நான்தான் பிழை" என்றாள். "இவையள் வேண்டாமெண்டா வேண்டாந்தான். சும்மா கிடந்த மனிசியையும் நாயையும் ஆக்கினைப்படுத்திப்போட்டன். ஆவணியில பள்ளிக்கூடம் தொடங்க நான் வேலையை விடத்தான் வேணும்."

பத்மநாதன் இந்தமுறை சிரிக்கவில்லை. "நாளைக்குப் போய் மன்னிப்புக் கேளும்" என்றான். "ஆனா தட்டைக் கொண்டு போகாதையும்."

வெறுங்கையோடு முன்கதவால் போனாள். ரூடி அவளைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு கையை மணந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டுப் படுத்தது. ஃப்ராவ் ரீட்டர் கொஞ்சம் இறுக்கமாகத்தான் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"கோப்பி?"

"இல்லை, இல்லை, வேண்டாம்" என்று சொன்ன வாயை கஜலக்சுமி அப்படியே கையால் பொத்திக்கொண்டாள். பிறகு எல்லாம் கொட்டுண்டுவிட்டது. "பொய். எனக்குக் கோப்பி வேண்டும். தை மாதத்திலிருந்து வேண்டும். நான் வேண்டாம் என்று சொன்னது இன்னொரு தரம் கேட்பார்கள் என்று நினைத்து. நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். மன்னியுங்கள். ஆசிரியர் சேர்க்கிற பொறுப்பும் எனக்கு ஆசையாக இருந்தது, அதையும் வேண்டாம் என்று சொல்லித்தான் பேனில் வந்து நிற்கிறேன்."

ஃப்ராவ் ரீட்டர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போன வருடம் பங்குனியில்" என்றார், "ஹெர் பீரி வந்து, இன்னும் ஒரு வருடம் இருக்க விருப்பமா என்று கேட்டார். 'அட இல்லை, இளையவர்களுக்கு இடம் விடவேண்டாமா' என்றேன். முப்பத்தெட்டு வருடம். ஒருவராவது 'இல்லை, நீங்கள் இருக்கத்தான் வேண்டும்' என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். நான் வாய் மூடமுன் அவர் எழுதிவிட்டார். அடுத்த நாள் காலையில் நன்றி அட்டையும் பூக்கடைக் கூப்பனும் வந்தன."

கஜலக்சுமி வாயைப் பிளந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கண்ட முதல் யாழ்ப்பாணத்துச் சுவிஸ்காரி.

"அப்படியென்றால் நான் கேட்டபோது ஏன்..."

"நீங்கள் திறப்பல்லவா கேட்க வந்தீர்கள்?" என்றார் ஃப்ராவ் ரீட்டர் உடைந்த குரலில், ஆனால் நிமிர்ந்து நின்று. "எழுதியவர் வரவேண்டும். வந்து அவர் கேட்கவேண்டும்."

அன்று பின்னேரமே கஜலக்சுமி ஹெர் பீரியின் வீட்டு மணியை அடித்தாள். விசயத்தைச் சொன்னாள். குழு முழுதும் ஃப்ராவ் ரீட்டரின் வீட்டுக்குப் போகவேண்டும், அவர் தன் வாயால் மூன்று தரம் கேட்கவேண்டும்.

"இல்லை" என்றார் ஹெர் பீரி.

கஜலக்சுமி கதவடியிலேயே நின்றாள். "நீங்கள் கேட்கத்தான் வேண்டும்."

"இல்லை. ஒரு கூட்டத்தில் ஒரு விடயத்தை ஒரு தரம்தான் கேட்கலாம். ஒழுங்குவிதி, பன்னிரண்டாம் பிரிவு."

காரணம்! கஜலக்சுமிக்கு உள்ளுக்குள் வெடி கொளுத்தியதுபோல இருந்தது. முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு மூன்றாம் தரம் கேட்டாள்.

ஹெர் பீரி உள்ளே போய் ஒழுங்குவிதிப் புத்தகத்தை எடுத்துவந்து புரட்டினார். "ஒரு கூட்டத்தில் ஒரு தரம்" என்றார் கடைசியில். "ஆனால் ஒரே பின்னேரத்தில் மூன்று கூட்டம் வைக்கக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. ஒவ்வொன்றும் முறைப்படி தொடங்கி முறைப்படி முடியவேண்டும். அது என் நிபந்தனை."

வைகாசி இருபத்தொன்பது, பின்னேரம் ஐந்து மணி, ஃப்ராவ் ரீட்டர் சமைக்கிற குசினி. தலைவி, மோசர், கஜலக்சுமி, மடிக்கணினியோடு பீரி. மேசைக்குக் கீழே ரூடி, மேசைக்கு மேலே மிளகாய் போடாத ரோல்ஸ். வந்தவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துப் பெயர் சொல்லி வணக்கம் சொன்னார்கள். முதலாவது கூட்டம் திறக்கப்பட்டது.

"ஃப்ராவ் ரீட்டர்" என்றார் ஹெர் பீரி, "மூன்றாம் நாலாம் வகுப்பை நீங்கள் எடுப்பீர்களா?"

"அட, இல்லை" என்றார் ஃப்ராவ் ரீட்டர், கன்னம் சிவந்து.

பழக்கதோஷம். பீரியின் விரல்கள் தாமாக விசைப்பலகைக்கு ஓடின. அதைக் கஜலக்சுமி எதிர்பார்த்திருந்தாள். வலது கையில் ஒரு ரோல்ஸ், இடது கையில் ஒரு ரோல்ஸ், படக்கென்று திணித்துவிட்டாள். எண்ணெய்க் கையால் கணினியைத் தொடுகிற ஆள் அவர் இல்லை. இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி ஒரு வரியும் எழுதாமல் முதலாவது கூட்டம் முடிந்தது.

எல்லோரும் எழுந்து கைகொடுத்து விடைபெற்றார்கள். பீரி கைகொடுக்க வழியில்லாமல் முழங்கையைக் கொடுத்தார். வெளியே தாழ்வாரத்தில் ஒரு நிமிடம் நின்றார்கள், ஏனென்றால் முறைப்படி கலையவேண்டுமாம். திரும்ப உள்ளே வந்து, திரும்பக் கைகொடுத்து, திரும்ப வணக்கம் சொல்லி இரண்டாவது கூட்டத்தைத் திறந்தார்கள். மோசருக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் தோள் குலுங்கியது.

"எடுப்பீர்களா?"

"இல்லை, அந்த மின்னஞ்சல்கள்..." என்றார் ஃப்ராவ் ரீட்டர்.

கலைந்தார்கள், கைகொடுத்தார்கள், வந்தார்கள். மூன்றாவது கூட்டம். இந்தமுறை பீரி கதிரையில் இருக்கவில்லை. நின்றார். கையில் பாதி கடித்த ரோல்ஸ். எழுதிவைத்த கேள்வியை வாசிக்கவும் இல்லை.

"ஃப்ராவ் ரீட்டர்" என்றார், "போன வருடம் நான் இன்னொரு தரம் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. எங்களுக்கு நீங்கள் வேண்டும். தயவுசெய்து வாருங்கள்."

ரூடி மேசைக்குக் கீழிருந்து தலையை வெளியே நீட்டியது. கஜலக்சுமிக்கு ஆறு ஐம்பது பஸ் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதன் கதவு திறந்தபடி நின்றது.

"ரூடியும் வகுப்புக்கு வரும்" என்றார் ஃப்ராவ் ரீட்டர். "பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு மின்னஞ்சல் வாசிக்கமாட்டேன். அந்த வரைபட அலுமாரித் திறப்பு என்னிடம்தான் இருக்கவேண்டும்."

நிபந்தனை! கஜலக்சுமி துள்ளி எழும்பியதில் முழங்கால் மேசையில் இடித்தது. அவள் தன்னை மறந்து தலைவியைக் கட்டிப்பிடித்தாள். தலைவி, ஆட்டுக்கு முதுகில் தட்டுவதுபோல, அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். பிள்ளை நடந்தே பள்ளிக்கூடம் போகும். ஆறு இருபது பஸ்ஸில் அவள் நிம்மதியாக வேலைக்குப் போகலாம்.

ஹெர் பீரி சிங்கில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, வந்து இருந்து, "ஆம்" என்று ஒரு வரி எழுதினார். ஹெர் மோசர் கோப்பிக் குடுவையோடு சுற்றிவந்தார்.

"ஃப்ராவ் பத்மநாதன், நீங்கள் குடிப்பதில்லைத்தானே, அல்லது கொஞ்சம்?"

"இல்லை, இல்லை, வேண்டாம்" என்றாள் கஜலக்சுமி.

சொல்லி முடியமுன்பே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மோசர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போனார். போகட்டும், வகுப்பு கிடைத்துவிட்டது, கோப்பி என்ன பெரிய கோப்பி என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது மூலையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"ஃப்ராவ் பத்மநாதன்" என்றார் ஹெர் பீரி. "கோப்பி?"

"ஐயோ வேண்டாம், இப்போதுதான் வீட்டில் குடித்துவிட்டு வந்தேன்."

ஹெர் பீரி மூன்றாம் தரம் கேட்கவில்லை. எழுந்து, மோசரின் கையிலிருந்து குடுவையை வாங்கி, ஒரு கோப்பையை நிரப்பி, இரண்டு சீனிக்கட்டி போட்டுக் கலக்கி, கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுத் தன் கதிரையில் போய் இருந்தார்.

கஜலக்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. கோப்பி பாதி ஆறிப்போயிருந்தது, கசப்பு வேறு. ஐந்து மாதம் காத்திருந்து வந்த கோப்பி. ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தாள்.

"இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டார் ஹெர் பீரி.

"ஓம்" என்றாள் கஜலக்சுமி, முதல் தரமே.